குனிந்து கையால் எடுக்காதீர்கள், தம்பி: கேலிக் கால்பந்துக்குப் பெயர் கொடுத்த முதலாண்டு மாணவருக்கு

கேள்வி: நான் ஈரோட்டுப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி வாலிபால் அணியில் ஆடினேன். தெருவில் கால்பந்தும் ஆடுவேன். இந்தச் செப்டம்பரில் அயர்லாந்தின் கார்க் நகரில் பட்டப்படிப்பு முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். கிளப்புகள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்த்த நாளில், கூட வந்தவர்கள் உசுப்பிவிட்டதில், கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்துக்காரர்களின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த செவ்வாய் மாலை முதலாண்டு மாணவர்களுக்கு டிரயல் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. அந்தக் குழுவில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எல்லாருமே நடை பழகிய நாளிலிருந்து ஆடுகிறவர்கள் போலத் தெரிகிறது. நான் ஓர் ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. போகலாமா, போனால் அசிங்கப்படுவேனா? என்னவெல்லாம் வாங்க வேண்டும்? சனி, ஞாயிறு ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். அதற்கு இடைஞ்சல் வருமா? கை கால் உடைந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். என் வகுப்பில் மதுரைப் பெண் ஒருவரும் ஆட ஆசைப்படுகிறார். அவருக்கும் இதே விதிகள்தானா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த அணியை மனதில் வைத்துப் போகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். நீங்கள் பயப்படுகிற அசிங்கம் பெரும்பாலும் தனக்குப் பொருந்தாத அணிக்கான டிரயலில் போய் நிற்பவருக்குத்தான் நேர்கிறது.

ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு கேலிக் கால்பந்து அணி இருப்பதில்லை. உச்சியில் இருப்பது சிகர்சன் கோப்பைக்கு ஆடும் அணி. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மருத்துவர் ஜார்ஜ் சிகர்சன் கொடுத்த கோப்பை அது, 1911-இலிருந்து நடக்கிறது. அந்த அணியில் கணிசமானோர் தங்கள் கவுன்டிக்கே, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதிக்கே, ஆடுகிறவர்கள். கோடையில் 82,000 பேர் உட்காரும் குரோக் பார்க்கில் ஆடிவிட்டு, குளிர்காலத்தில் உங்கள் பக்கத்து வகுப்பறையில் வந்து அமர்வார்கள். அதற்கு அடுத்தது முதலாண்டு மாணவர்களுக்கான ஃப்ரெஷர் அணி. பெரிய கல்லூரிகளில் ஃப்ரெஷர் அணியே ஒன்றுக்கு மேல் இருக்கும், தகுதிக்கேற்பத் தனித்தனிப் பிரிவில் ஆடும். அதன் முதல் அணி, பள்ளியிலும் கவுன்டியின் இளையோர் அணியிலும் ஆடி வந்தவர்களால் நிரம்பிவிடும். அதற்கும் கீழே இடைநிலை, ஜூனியர் அணிகள். எல்லாவற்றுக்கும் கீழே, பல கல்லூரிகளில், துறைகளுக்குள் நடக்கும் லீக்.

உங்கள் இடம் இந்த ஆண்டு கடைசி இரண்டு படிகளில். ஃப்ரெஷர் முதல் அணி கிடைக்காது. கிடைக்காததில் குறைவொன்றும் இல்லை. பதின்மூன்று ஆண்டு பழக்கத்தை ஆறு நாளில் யாரும் எட்டிப்பிடிக்க முடியாது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை டிரயலுக்குப் போயே ஆக வேண்டும். கீழ் அணிகளுக்கு ஆள் எடுப்பதும் அங்கேயிருந்துதான். வராதவரை அவர்களுக்கு யாரென்றே தெரியாது.

புதியவருக்கு எப்படி வழி திறக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் (ஜி.ஏ.ஏ.) 1884-இல் தர்லெஸ் ஊரில் தொடங்கியது. அதன் அடிவேர் ஊர்க் கிளப். ஏறக்குறைய ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிக்கும், ஒரு கிளப் உண்டு. ஆடுகிறவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்த ஊர்க் கிளப்பே பெரும்பாலோர்க்குக் கடைசிவரை கிளப். செப்டம்பர், அக்டோபரில் கவுன்டிகளில் கிளப் சாம்பியன்ஷிப் உச்சத்தில் இருக்கும். அதனால் நன்றாக ஆடுகிறவர்கள் பலர் கல்லூரிப் பயிற்சிக்கு வராமல் ஊருக்கு ஓடுவார்கள். கீழ் அணிகளில் பதினைந்து பேர் தேறுவதே பாடாக இருக்கும். ஒழுங்காக வருகிற ஆளுக்கு, ஆட்டம் அரைகுறையாகத் தெரிந்தாலும், அப்போது மதிப்பு அதிகம். அக்டோபர் முழுதும் ஒரு பயிற்சிகூடத் தவறாமல் போனால் நவம்பருக்குள் ஏதோ ஒரு ஆட்டத்தில் மாற்று ஆளாகவாவது இறக்குவார்கள்.

டிரயலில் முதலில் கேட்பது "எந்தக் கிளப்?" என்பதாகத்தான் இருக்கும். நம்மூரில் "எந்த ஊர்?" என்று கேட்பது போலத்தான் அது, விசாரணை இல்லை. கிளப் இல்லை, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், வாலிபால் ஆடியிருக்கிறேன், இந்த ஆட்டம் புதிது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் ஆடியிருக்கிறேன் என்று புளுகினால் உங்களை நடுக்களத்தில் நிறுத்துவார்கள்; ஐந்தாவது நிமிடத்தில் குட்டு உடையும். டிரயல் முடிந்ததும் பயிற்சியாளரிடமோ செயலாளரிடமோ நீங்களே போய்க் கேளுங்கள்: "கீழ் அணிக்குத் தனி வாட்ஸ்அப் குழு இருக்கிறதா? துறை லீக் எப்போது தொடங்குகிறது?" புதியவர்கள் விட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். முதல் அணிப் பட்டியலில் பெயர் வராததைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று போய்விடுகிறார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

ஒரு பக்கம் பதினைந்து பேர். களம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். நீங்கள் பழகிய கால்பந்துத் திடலைவிட நன்றாகவே பெரியது. கோல் கம்பம் ஆங்கில எழுத்து எச் போல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 பாயின்ட். கம்பிக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 பாயின்ட். 2025-இல் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, கோலிலிருந்து 40 மீட்டரில் வரைந்த வளைவுக்கு வெளியே நின்று கம்பிக்கு மேல் உதைத்தால் 2. கோலுக்குப் பச்சைக் கொடி, ஒரு பாயின்ட்டுக்கு வெள்ளை, இரண்டுக்கு ஆரஞ்சு. ஸ்கோரைக் கோலும் பாயின்ட்டுமாகப் பிரித்து எழுதுவார்கள். 2-9 என்றால் இரண்டு கோல், ஒன்பது பாயின்ட், மொத்தம் 15. எதிரணி 0-16 எடுத்திருந்தால் அவர்கள்தான் ஜெயித்தவர்கள். முதல் சில வாரம் இதை மனக்கணக்குப் போட்டுப் பழகுங்கள்.

பந்து பார்க்க வாலிபாலுக்கும் கால்பந்துக்கும் உறவுக்காரன் போல இருக்கும், எடைதான் வேறு. சுற்றளவு கால்பந்துக்கு உள்ளதே, 68 முதல் 70 சென்டிமீட்டர். ஆனால் 480 முதல் 500 கிராம்; கால்பந்து 450-ஐத் தாண்டாது, நீங்கள் ஆடிய வாலிபால் 280-ஐத் தாண்டாது. மழையில் நனைந்த 500 கிராம் பந்து விரித்த விரல் நுனியில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பிறகு பார்க்கலாம்.

பந்தோடு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்: கொடுக்க வேண்டும், உதைக்க வேண்டும், தரையில் ஒரு முறை தட்டிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கால் நுனியில் போட்டுத் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். தரையில் தட்டுவது ஹாப், காலில் தட்டுவது சோலோ. சோலோ எத்தனை முறையும் தொடர்ந்து செய்யலாம். ஹாப் அடுத்தடுத்து இரண்டு கூடாது. அதனால் சோலோ தெரியாதவரால் பந்தோடு எட்டுக் காலடிக்கு மேல் ஓட முடியாது.

அடுத்தது, வாலிபால் ஆடியவர்களுக்கென்றே எழுதிவைத்தது போன்ற விதி. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேரடியாக எடுக்கக் கூடாது. கால் நுனியை அடியில் செருகித் தூக்கி, பிறகே கையில் வாங்க வேண்டும். உங்கள் உடம்போ பந்து தாழ வந்தால் குனிந்து இரு கையையும் நீட்டும்படி பல வருடம் பழகியது. முதல் நாள் நீங்கள் செய்யும் தவறுகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும். நடுவர் ஊதினால் பந்து எதிரணிக்கு. இப்படிப் பழகுங்கள்: ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், முழங்கால் நன்றாக மடிந்து, தலை பந்துக்கு நேர் மேலே. இரு கையும் பந்துக்குச் சற்று முன்னால் விரல் கீழ்நோக்கிக் குழிவாக. மற்றக் காலின் நுனி அடியில் நுழைந்து ஒரு சாண் தூக்கினால் போதும். நிமிர்ந்து நின்று செய்தால் பந்து முன்னால் ஓடிவிடும். கை முந்தினால் பவுல்.

ஆனால் வாலிபால் உங்களுக்குச் சீதனமாகக் கொடுத்த ஒன்றும் இருக்கிறது, ஹேண்ட்பாஸ். பந்தை எறியக் கூடாது; ஒரு கையில் ஏந்தி மறு கையால் அடித்துத்தான் கொடுக்க வேண்டும். அது நீங்கள் ஆறாம் வகுப்பில் கற்ற அண்டர்ஹேண்ட் சர்வீஸேதான், அளவில் சிறியது. உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ மூடிய முஷ்டியாலோ அடிக்கலாம். ஏந்திய கை அசையாமல் இருக்க வேண்டும், அடிக்கும் கை தெளிவாகப் பின்னால் போய் வர வேண்டும். ஏந்திய கையும் சேர்ந்து முன்னால் போனால் நடுவர் கண்ணுக்கு அது எறிதல். அவசரத்தில் எல்லாருக்கும் நடக்கும் தவறு இது. நீங்கள் சர்வீஸ் போட்ட கை ஒன்று. இங்கே இரண்டு கையாலும் வர வேண்டும், ஏனென்றால் எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறானோ அதற்கு மறு பக்கக் கையால்தான் கொடுக்க முடியும்.

உயரப் பந்தைப் பிடிப்பதிலும் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பந்து இறங்கும் நேரத்தைக் கணித்துத் தாவுவது தெரியும். மாற்ற வேண்டியது இரண்டு. வலையருகே இரு காலால் எழும்பிய பழக்கத்தை விட்டு, ஓடிவந்து ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும். மற்ற முழங்கால் உயர்ந்து உங்களுக்குக் காப்பாக இருக்கும். விரலை நேராக நீட்டி வாங்காமல், இரு பெருவிரலும் பந்துக்குப் பின்னால் நெருங்கி, மற்ற விரல்கள் விரிந்து சற்று வளைந்து இருக்க வேண்டும். பிடித்த கணமே மார்புக்கு இழுத்து முழங்கையால் பூட்டிவிடுங்கள். நீட்டிய விரலில்தான் 500 கிராம் பந்து மோதிச் சுளுக்கு வைக்கும்.

சோலோவுக்குக் குறுக்குவழி இல்லை. வலது காலுக்கு வலது கையிலிருந்து, இடுப்புயரத்துக்குக் கீழே பந்தை விடுங்கள். கால் நுனி சற்று மேல்நோக்கி உங்களைப் பார்த்தபடி இருந்தால் பந்து பின்சுழலோடு கைக்குத் திரும்பும். நுனி தொங்கினால் பந்து முன்னால் பறந்துவிடும். மேலிருந்து தூக்கிப் போடுவது அடுத்த தவறு: காற்று அடித்தால் பந்து காலுக்கு வருமுன்பே விலகிப்போகும், கார்க்கில் காற்று அடிக்காத நாள் குறைவு.

டிரயலுக்கு இருக்கும் ஆறு நாளில் தினம் இருபது நிமிடம் போதும். ஒரு சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று ஹேண்ட்பாஸ், ஒரு கைக்கு 50. நின்ற இடத்தில் சோலோ, ஒரு காலுக்கு 30; நடந்துகொண்டே 30. தரையில் பந்தை உருட்டிவிட்டுப் பின்னால் நடந்துபோய்க் காலால் எடுப்பது, இரு பக்கமும் 20. தூர உதை பழக இந்த வாரம் நேரமில்லை, விட்டுவிடுங்கள். தூர உதை பலருக்கும் வரும். கீழ் அணியில் ஹேண்ட்பாஸைத் தப்பில்லாமல் கொடுக்கிறவன்தான் அரிது. முதல் மாதம் முடிந்த பிறகு கையிலிருந்து விட்டு உதைப்பதைப் பழகுங்கள்: மேல்பாதத்தால், பந்தைத் தூக்கிப் போடாமல் கையாலேயே காலுக்கு அருகில் கொண்டுபோய் விட்டு, 20 மீட்டர் தூரத்தில் தொடங்கி. தெருக் கால்பந்து ஆடியவர்கள் அவசரத்தில் பந்தைத் தரையில் போட்டு உருட்டி உதைப்பார்கள். விதிப்படி குற்றமில்லை, ஆனால் பந்து உங்கள் கையை விட்டுப் போய்விட்டது, எதிராளிக்கு அது பரிசு.

எதிராளியிடமிருந்து பந்தை எடுக்கும் முறை தனிக் கலை. பந்தைத் திறந்த கையால் தட்டலாம். அவர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. தோளோடு தோள் மோதலாம், பக்கவாட்டில், ஒரு காலாவது தரையில் இருக்க. முன்னாலிருந்தோ முதுகிலோ மோதுவது பவுல். சட்டையைப் பிடிப்பது, கையைச் சுற்றுவது, காலைத் தட்டிவிடுவது எல்லாம் பவுல். வேண்டுமென்றே இழுத்து வீழ்த்தினாலோ இடறிவிட்டாலோ கறுப்பு அட்டை, பத்து நிமிடம் வெளியே. கபடி ஆடிய நண்பர் யாராவது உங்களோடு சேர்ந்தால் இதைத்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். நம்மூரில் கைதட்டு வாங்கும் பிடி அங்கே அட்டை வாங்கும்.

2025-இன் புதிய விதிகளில் தொடக்கக்காரர் கவனிக்க வேண்டியது நாக்கும் கையும். உங்களுக்கு எதிராகப் பவுல் ஊதியதும் கையில் பந்து இருந்தால் எதிராளியிடம் ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும். தள்ளிவிடுவது, பிடித்துவைப்பது, நடுவரிடம் முறைப்பது எல்லாவற்றுக்கும் பந்தை 50 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். 50 மீட்டர் என்பது பல சமயம் நேராக ஒரு பாயின்ட். அதோடு, பவுலுக்கு ஆளானவர் நின்று உதைக்கக் காத்திராமல் உடனே சோலோ போட்டு ஓடலாம்; முதல் 4 மீட்டருக்கு அவரைத் தொடக் கூடாது. விசில் கேட்டதும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

எந்த இடத்தில் ஆடக் கேட்பது? நீங்கள் உயரமாக இருந்தால் கோல்கீப்பராக நிற்கச் சொல்லுவார்கள், வாலிபால் என்று கேட்டதுமே அந்த யோசனை அவர்களுக்கு வரும். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பந்தைத் தடுப்பது கோல்கீப்பர் வேலையில் சிறு பங்குதான். ஒவ்வொரு முறையும் 20 மீட்டர் கோட்டில் வைத்து, 40 மீட்டர் வளைவுக்கு அப்பால், எதிரணியின் தலைக்கு மேலாகத் தன் ஆளுக்குப் போகும்படி உதைக்க வேண்டும். அந்தக் கால் உங்களுக்கு இன்னும் வரவில்லை. வருமுன் நின்றால் ஆட்டத்தையே நீங்கள் கொடுத்ததாக ஆகிவிடும்.

கார்னர் பேக் கேளுங்கள். சட்டை எண் 2 அல்லது 4. கோலுக்கு அருகே, ஒரே ஒரு ஆளைக் காக்கும் வேலை. இப்போதைய விதிப்படி ஒவ்வோர் அணியும் எதிரணிப் பாதியில் எந்நேரமும் மூன்று பேரையாவது நிறுத்த வேண்டும்; ஆகவே உங்களுக்குக் காக்க எப்போதும் ஓர் ஆள் இருப்பார், களம் முழுக்கத் திசை தெரியாமல் ஓட வேண்டியதில்லை. அவருக்கும் கோலுக்கும் நடுவே, ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். பந்து அவரிடம் வந்துவிட்டால் பாய்ந்து விழாதீர்கள். அவர் இடுப்பைப் பார்த்தபடி பின்னோக்கி நகர்ந்து, அருகிலுள்ள கையால் மட்டும் பந்தைத் தட்ட முயலுங்கள். பாய்ந்தவரைத் தாண்டிப் போவதற்கு ஒரே ஒரு ஹாப் போதும். உயரப் பந்து வந்தால் பிடிக்கவே முயல வேண்டாம். அவர் முதுகைத் தொடாமல் எழும்பி முஷ்டியால் பக்கக்கோட்டின் பக்கமாகக் குத்திவிடுங்கள். வலைக்கு மேல் பிளாக் போட்ட கைக்கு இது புதிதல்ல. பந்து கிடைத்தால் வீரம் காட்டாமல் அருகிலிருக்கும் தன் ஆளுக்கு ஹேண்ட்பாஸ். இந்த நான்கையும் ஓர் ஆட்டம் முழுக்கச் செய்யும் கார்னர் பேக்கை எந்தக் கீழ் அணியும் வெளியே உட்காரவைக்காது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. முதலில் பல்காப்பு, அவர்கள் பேச்சில் கம்ஷீல்ட். 2014-இலிருந்து பெரியவர்கள் ஆட்டத்திலும் பயிற்சியிலும் இது கட்டாயம். கடையில் கிடைக்கும் சாதாரண வகையைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நொடிக்கணக்குக்கு வெந்நீரில் முக்கி, மேல் பல்லில் வைத்து அழுத்திக் கடித்து, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். அதிக நேரம் போட்டால் உருகி வடிவம் கெடும். பல்லில் கம்பி போட்டிருந்தால் பல் மருத்துவரிடம் தனியாகச் செய்துகொள்ளுங்கள். வாயில் போட்டுக்கொண்டே பேசவும் கத்தவும் வீட்டில் பழகுங்கள். களத்தில் கத்தாத பின்வரிசைக்காரனால் பயனில்லை.

பூட்ஸ் விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுவது. அக்டோபருக்குப் பிறகு புல்தரை சேறாக இருக்கும். பூட்ஸின் அடியில் இருக்கும், உலர்ந்த தரைக்கான சிறு முளைகள் அதில் வழுக்கும். ஈரத் தரைக்கு நீண்ட, திருகிக் கழற்றும் முளை வேண்டும். ஆனால் குளிர்காலப் பயிற்சி பல இடங்களில் செயற்கைப் புல்லில் நடக்கும். அதில் இரும்பு முளையை அனுமதிக்க மாட்டார்கள், முழங்காலுக்கும் கேடு. ஒரே ஜோடிக்குத்தான் பணம் இருந்தால், வார்ப்பு முளை உள்ளதை வாங்குங்கள், இரண்டிலும் சமாளிக்கலாம். வாங்குமுன் பயிற்சி எந்தத் தரையில் என்று குழுவில் கேட்டுவிடுங்கள். கையுறை கட்டாயமில்லை, ஆனால் நனைந்த பந்துக்குப் பெரிய உதவி. பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரைப் பிடித்துவைக்கும். உடலோடு ஒட்டும் செயற்கை நூல் முழுக்கைச் சட்டை உள்ளே போடுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், பயிற்சி விளக்கொளியில்தான். அணிச் சட்டையைப் பெரும்பாலும் கிளப்பே தரும். முதல் வாரமே பெயர் போட்ட மேல்சட்டைக்கு யூரோ செலவழிக்காதீர்கள். மோதிரம், கையில் உலோகக் காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். கோயில் கயிறு இருந்தால் மேலே டேப் சுற்றிவிடலாம்.

கடை வேலைக்கு வருவோம். அயர்லாந்து மாணவர்கள் வெள்ளி மாலை ஆனால் துணிமூட்டையோடு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள், வார இறுதி அவர்கள் ஊர்க் கிளப்புக்கு. அதனால் கல்லூரிப் பயிற்சியும் ஆட்டமும் பெரும்பாலும் திங்கள் முதல் வியாழனுக்குள் நடந்து முடியும். உங்கள் சனி, ஞாயிறுக்கு இது வாட்டமாகவே அமைகிறது. மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது என்பதால், மிச்ச மணியை வாரநாள் மாலையில் வைக்கச் சொல்லிக் கடைக்காரர் கேட்கலாம். செவ்வாய், வியாழன் மாலை முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வெளியூர் ஆட்டம் என்றால் பஸ்ஸிலேயே அரை நாள் போகும், அன்று ஆய்வகம் இருந்தால் அணிக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். கடைசி நேரத்தில் சொல்லாமல் நின்றுபோவதை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

பயிற்சி மாலை ஏழு மணி என்றால் சோறும் குழம்பும் நான்கு மணிக்கே முடியட்டும். ஆறரைக்கு ஒரு வாழைப்பழம். ஆட்டத்துக்குப் பிறகு எல்லாரும் பப்புக்குப் போவார்கள், குடிக்காதவரும் போகலாம். கோலா, ஆரஞ்சு வகைகளை அங்கே மினரல் என்பார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அடுத்த வாரம் களத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. மோதல் உள்ள ஆட்டம்தான். காயமே வராது என்று சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள். ஆனால் அவர் நினைப்பது போல எலும்பு முறிவு இதில் முதலிடத்தில் இல்லை. அதிகம் வருவது தொடையின் பின்தசை இழுப்பு. திடீரென்று விரைந்தோடுவதும், எட்டி உதைப்பதும், குனிந்தபடி ஓடிப் பந்தெடுப்பதும் அந்தத் தசையைத்தான் வதைக்கும். அடுத்தது கணுக்கால், முழங்கால், விரல். பின்தசைக்கு ஒரு பயிற்சி: முழந்தாளிட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முதுகு வளையாமல் மெல்ல முன்னால் சாய்ந்து, இனி தாங்காது என்னும்போது கையை ஊன்றுவது. முதல் வாரம் ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று, வாரம் ஒரு நாள்தான். ஆசைப்பட்டு அதிகம் செய்தால் மூன்று நாள் படியிறங்க முடியாது. இரண்டு மாதத்தில் எட்டு எட்டாக மூன்று சுற்றுக்கு வாருங்கள். சங்கமே ஜி.ஏ.ஏ. 15 என்று கால் மணி நேர உடல்சூடேற்றும் முறையை வகுத்திருக்கிறது. பயிற்சிக்குத் தாமதமாக வந்து அதைத் தவறவிடுகிறவர்தான் அடிக்கடி நொண்டுவார். விரல் சுளுக்கினால் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றலாம். வீங்கி மடக்க முடியாமல் போனால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் எதுவும் வந்தால் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது, யார் சொன்னாலும். மருத்துவர் பார்த்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும்.

இதில் காகித வேலையும் உண்டு. ஃபொய்ரன் என்னும் சங்கத்தின் இணையப் பதிவில் உங்கள் உறுப்பினர் பதிவு முடிந்திருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள், அதற்கு முன் மோதல் உள்ள ஆட்டத்தில் இறங்காதீர்கள். சங்கத்தின் காய நிதி உறுப்பினருக்குத்தான். அதுவும் மற்றக் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்துக்கு ஓர் உதவிதான், முழுச் செலவையும் ஏற்காது. பல்காப்பு போடாமல் பல் உடைந்தால் அதுவும் கிடையாது. விசாவுக்காக நீங்கள் எடுத்த தனியார் மருத்துவக் காப்பீட்டின் விதிகளை எடுத்து, விளையாட்டுக் காயத்தை விலக்கியிருக்கிறதா என்று ஒரு தடவை படியுங்கள். படித்ததை அம்மாவுக்கும் சொல்லுங்கள். பயப்படுகிறவருக்கு "ஒன்றும் ஆகாது" என்பதைவிட, ஆனால் என்ன செய்வோம் என்பது கேட்க ஆறுதலாக இருக்கும்.

பக்கத்து ஊர்க் கிளப் ஒன்று உங்களைச் சேரச் சொல்லிக் கூப்பிட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சேரும் கிளப்போடு உங்களைக் கட்டிவைக்கும் விதிகள் இதில் உண்டு. பிறகு வேறொன்றுக்கு மாற முறைப்படி மாற்றல் கேட்க வேண்டும். எங்கே குடியிருக்கப்போகிறீர்கள் என்பது உறுதியான பிறகு சேருங்கள்.

உங்கள் வகுப்புத் தோழிக்கு: பெண்கள் ஆட்டத்தை 1974-இல் தொடங்கிய தனிச் சங்கம் நடத்துகிறது, கல்லூரியிலும் பெரும்பாலும் தனிக் கிளப்பாக இருக்கும், மேசையும் வாட்ஸ்அப் குழுவும் வேறு. கல்லூரிப் பெண்களின் முதன்மைப் போட்டி ஓ'கானர் கோப்பை. அதற்குக் கீழே தகுதிக்கேற்ற வேறு கோப்பைகள் வரிசையாக இருப்பதால் புதியவருக்கு இடம் உண்டு. விதிகளில் வேறுபாடு இருக்கிறது. பந்து சிறியது, 4-ஆம் அளவு. வேண்டுமென்றே உடலோடு மோதுவது பவுல். மஞ்சள் அட்டை வாங்கினாலே பத்து நிமிடம் வெளியே. தரையில் கிடக்கும் பந்தை, நிற்கிற நிலையில் இருந்தால், நேரடியாகக் கையால் எடுக்கலாம். உங்களுக்குத் தலைவலியான விதி அவருக்கு இல்லை. நான்கு அடி, ஹாப், சோலோ, ஹேண்ட்பாஸ் எல்லாம் ஒன்றே. ஆகவே இருவரும் ஒரே சுவரில் சேர்ந்து பழகலாம், ஆளுக்கொரு பந்தோடு. ஆனால் கீழே விழும் பந்தை அவர் குனிந்து எடுப்பதைப் பார்த்து நீங்களும் குனிந்துவிடாதீர்கள்.